ஸ்பிதிக்கு முதல் தடவை போகிறீர்களா? மெதுவாக ஏறுங்கள்

இமாச்சலப் பிரதேசத்தின் உயரமான மலைப் பள்ளத்தாக்கான ஸ்பிதிக்குப் போக முடிவெடுத்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தெந்த இடங்களைப் பார்க்கலாம் என்றுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: எத்தனை நாள் கையில் இருக்கிறது? ஆறு நாள் என்று பதில் வந்தால், இந்த வருடம் வேண்டாம், விடுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு அடுத்த வருடம் போங்கள் என்று சொல்லிவிடுவேன். வீட்டை விட்டுக் கிளம்பி வீடு திரும்பும்வரை பதினான்கு நாள் வேண்டும். பன்னிரண்டு நாளிலும் முடிக்கலாம். அதற்குக் கீழே இறங்கினால் உடம்புதான் விலை கொடுக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் தடவை நானும் என் சித்தப்பா மகனும் மணாலி வழியாகப் போனோம். மணாலியில் ஒரே ஓர் இரவு. மறுநாள் மாலை சந்திரதால் ஏரிக்குப் பக்கத்தில் கூடாரத்தில் இருந்தோம். சுமார் 2,000 மீட்டரிலிருந்து 4,250 மீட்டருக்கு ஒரே பகலில் ஏறியிருந்தோம். இரவு எட்டு மணிக்கு அவனுக்குத் தலை வெடிப்பதுபோல வலித்தது. பத்து மணிக்கு வாந்தி. விடியும்வரை அவன் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினான், நான் பக்கத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏரியைப் பார்க்காமலே காலையில் கீழே இறங்கினோம். நல்லவேளை, இறங்க இறங்கச் சரியாகிவிட்டது. அடுத்த முறை சிம்லா வழியாகப் போனேன். அதன்பின் யார் கேட்டாலும் அந்த வழியைத்தான் சொல்கிறேன்.

இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

இமாச்சலப் பிரதேசத்தின் மிகப்பெரிய மாவட்டம் லாஹௌல்–ஸ்பிதி. பரப்பளவு சுமார் 13,800 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 31,564. அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பேர். 1960இல் தனி மாவட்டமானது. அப்போது பஞ்சாபில் இருந்தது, 1966இல் இமாச்சலத்தோடு சேர்ந்தது. தலைநகர் கீலாங்.

பெயரில் ஒரு கோடு போட்டுச் சேர்த்திருக்கிறார்களே தவிர, லாஹௌலும் ஸ்பிதியும் இரண்டு வெவ்வேறு உலகங்கள். நடுவில் குன்சும் கணவாய், சுமார் 4,550 மீட்டர் உயரத்தில். லாஹௌல் பக்கம் சந்திரா, பாகா என்ற இரண்டு ஆறுகள் தாண்டி என்ற ஊரில் கூடிச் செனாப் ஆகின்றன. அங்கே ஓரளவு பசுமை உண்டு. உருளைக்கிழங்குக்குப் பேர்போன இடம். ஸ்பிதி அப்படியல்ல. பருவமழை மேகங்களை மலைத்தொடர்கள் தெற்கிலேயே தடுத்துவிடுவதால் அது குளிர்ப் பாலைவனம். மரம் என்றால் ஆற்றங்கரை வில்லோவும் பாப்ளரும்தான். பனி உருகிவரும் நீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து பார்லியும் பட்டாணியும் பயிரிடுகிறார்கள். அந்த வாய்க்காலுக்குக் கூல் என்று பெயர். பழுப்பு மலைச் சரிவில் திடீரென்று ஒரு பச்சைத் துண்டு தெரிந்தால் அங்கே ஒரு கூல் வந்து சேர்கிறது, அதைச் சுற்றி ஓர் ஊர் இருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்பிதி ஆறு கின்னௌர் மாவட்டத்தில் காப் என்ற இடத்தில் சட்லஜில் கலக்கிறது. நீங்கள் போக வேண்டிய பாதை அந்த ஆற்றை எதிர்த்து ஏறுவதுதான்.

எப்போது போகலாம்

செப்டம்பர். அதுவும் முதல் மூன்று வாரங்கள். கின்னௌர் பக்கம் மழை குறையத் தொடங்கியிருக்கும், குன்சும் திறந்திருக்கும், வயல்களில் பார்லி அறுவடை நடக்கும். ஜூன் பிற்பகுதியும் நல்ல காலம்தான், ஆனால் குன்சும் திறப்பது அந்த ஆண்டுப் பனியைப் பொறுத்தது. ஜூலை, ஆகஸ்டில் ஸ்பிதிக்குள் வெயில் அடித்தாலும், அங்கே போய்ச் சேரும் வழியில் மலை சரியும். 2021 ஆகஸ்டில் கின்னௌரின் நிகுல்சரியில் சரிந்த மலை ஒரு பேருந்தையே மூடியது. 2023 ஜூலையில் பனியும் மழையும் சேர்ந்து சந்திரதாலில் 250க்கும் மேற்பட்டவர்களைப் பல நாள் முடக்கிப்போட்டன. பள்ளி விடுமுறை மே மாதத்தில்தான் கிடைக்கும் என்றால் சிம்லா வழியாக, ஸ்பிதியின் முக்கிய ஊரான காசாவரை போய் அதே வழியில் திரும்புங்கள். குன்சும் அப்போது பெரும்பாலும் மூடியிருக்கும்.

குளிர்காலத்தில் பனிச்சிறுத்தை தேடிக் கிப்பர் என்ற மேல் ஊருக்கு வருகிறவர்கள் உண்டு. மைனஸ் 25 டிகிரி வரை இறங்கும். முதல் தடவைக்கு அது வேண்டாம்.

நாள் நாளாக ஏறும் முறை

டெல்லி அல்லது சண்டிகர் வரை ரயிலிலோ விமானத்திலோ வந்துவிடுங்கள். கால்காவிலிருந்து சிம்லாவுக்கு 96 கிலோமீட்டர் மலை ரயில் இருக்கிறது. 1903இல் ஓடத் தொடங்கியது, நேரம் இருந்தால் அதில் ஏறுங்கள். சிம்லா 2,200 மீட்டர். அங்கே முதல் இரவு.

இரண்டாம் நாள் சராஹன். ஏறத்தாழ அதே உயரம்தான், பயணம்தான் நீளம். கல்லும் மரமும் மாறிமாறி அடுக்கிக் கட்டிய பீமாகாளி கோயில் அங்கே இருக்கிறது.

மூன்றாம் நாள் கல்பா, 2,960 மீட்டர். இங்கே இரண்டு இரவு கட்டாயம். பயணக் குழுக்கள் பல இதை ஒரே இரவாகச் சுருக்கிவிடுகின்றன, இணங்காதீர்கள். காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிரே கின்னௌர் கைலாசம், 6,050 மீட்டர். ஆப்பிள் தோப்புகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். உடம்பு அந்த நடையில்தான் பழகுகிறது.

ஐந்தாம் நாள்தான் நுணுக்கமான நாள். பெரும்பாலோர் அன்று நாகோவில் தங்குகிறார்கள். நாகோ அழகான ஊர், நடுவில் ஒரு சிறிய ஏரி. ஆனால் உயரம் 3,660 மீட்டர், கல்பாவிலிருந்து ஒரே தாவலில் 700 மீட்டர். மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இதுதான்: 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்குமேல் கூடக்கூடாது. ஆகவே நாகோவில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஏரியைச் சுற்றிவிட்டு, இரவுக்குத் தாபோ வந்துவிடுங்கள். தாபோ 3,280 மீட்டர்தான். பகலில் உயரே ஏறி, இரவில் கீழே தூங்குவது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

தாபோவிலும் இரண்டு இரவு. இரண்டாவது நாள் தன்கர் போய் வாருங்கள். ஒரு காலத்தில் ஸ்பிதியின் தலைநகர், கரடுமுரடான பாறை முனையில் தொங்குவதுபோல ஒரு மடம். ஏழாம் நாள் காசா, 3,600 மீட்டருக்கு மேல். ஸ்பிதியின் சந்தை, மருத்துவமனை, வங்கி எல்லாம் இங்கேதான்.

பஸ்ஸில் போகிறவர்கள் கவனிக்க: இமாச்சல அரசு பஸ் ரெக்காங் பியோவிலிருந்து காசாவுக்கு விடியற்காலையில் கிளம்புகிறது. சுமார் 200 கிலோமீட்டர், பகல் முழுவதும் ஆகும். கல்பாவில் தங்கினால் அந்த நேரத்துக்குக் கீழே பியோவுக்கு இறங்க வண்டி கிடைக்காது. கடைசி இரவைப் பியோவிலேயே பஸ் நிலையத்துக்கு அருகே கழியுங்கள். தாபோவில் இறங்கிக்கொள்கிறோம் என்று நடத்துநரிடம் சொல்லி டிக்கெட் வாங்குங்கள். ஓட்டுநர்களைப் பற்றி ஒரு வார்த்தை: மலையைக் குடைந்த ஒற்றைத் தடத்தில் எதிரே லாரி வந்தால் பின்னாலேயே நூறு மீட்டர் நகர்த்தி வழிவிடுவார்கள். அவர்கள்மீது எனக்கு இருக்கும் மரியாதை சாதாரணமானதல்ல.

சொந்த வண்டி என்றால் பியோவுக்குக் கீழே பொவாரியில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்து காசாவை நம்பலாம். காசாவில் நிரப்பாமல் குன்சும் பக்கம் திரும்பவே கூடாது.

இந்தியக் குடிமக்களுக்கு இந்தப் பாதையில் அனுமதிச் சீட்டு தேவையில்லை, அடையாள அட்டை போதும். உங்களோடு வெளிநாட்டுக் குடியுரிமை கொண்ட உறவினர் வருகிறார் என்றால் அவருக்கு உள்எல்லை அனுமதி வேண்டும். ரெக்காங் பியோவில் வாங்கலாம். சோதனைச் சாவடியில் நின்றபிறகு இதை நினைவுகூர்ந்து பயனில்லை.

உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

காசாவில் நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும், கடற்கரை ஊரில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கிறது. லேசான தலைவலி, பசியின்மை, தூக்கம் கலைவது எல்லாம் முதல் ஓரிரு நாள் வரும். அப்படி வந்தால் அதே உயரத்தில் தங்குங்கள், மேலே ஏறாதீர்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். முதல் இரண்டு மூன்று இரவு மது வேண்டாம், உள்ளூர் அராக்கை எவ்வளவு அன்போடு நீட்டினாலும்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, இருமலில் நுரை வருகிறது, நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். இரவானாலும் கீழே இறங்க வேண்டும். நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் அது மூளை வீக்கத்தின் அறிகுறியாக இருக்கலாம். அசிட்டசோலமைடு மாத்திரையைப் பலர் எடுத்துச்செல்கிறார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் இருக்கிறார்கள் என்பதால், ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். இதய நோய், நுரையீரல் நோய் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர் சரி என்று சொல்லாமல் கிளம்பவே வேண்டாம்.

நாங்கள் கடலோரக்காரர்கள், தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறோம், எங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உடல்வலுவுக்கும் உயரத்தால் வரும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை. வேகமாக ஏறினால் திடகாத்திரமானவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள்.

பையில் என்ன

ஒரே தடித்த கோட்டைவிட, கழற்றிக் கழற்றிப் போடக்கூடிய மூன்று அடுக்கு ஆடை நல்லது. உள்ளே உடலோடு ஒட்டிய சூட்டாடை, நடுவில் கம்பளி, மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். பகலில் வெயில் தோலை உரிக்கும். தொப்பி, கருப்புக் கண்ணாடி, உதட்டுக்குத் தடவும் மெழுகு மூன்றையும் மறக்காதீர்கள். டார்ச். சொந்தத் தண்ணீர் பாட்டில். சில்லறையாகப் பணம், காசாவில் ஏ.டி.எம். உண்டு, ஆனால் பணம் தீர்ந்துபோகும், கிராமங்களில் செல்பேசிப் பரிமாற்றம் சிக்னலை நம்பியது. பி.எஸ்.என்.எல். சிம் ஒன்று கூடவே இருக்கட்டும். வீட்டாரிடம், இரண்டு நாள் அழைப்பு வராவிட்டால் பதறாதீர்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

தாபோவின் இருட்டறை

தாபோ மடத்தை வெளியிலிருந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். பூசிய மண்மேடுகள் சில, அவ்வளவுதான். 996இல் நிறுவப்பட்டது, அன்றிலிருந்து வழிபாடு தொடர்ந்து நடந்துவருகிறது. பழைய கூடத்துக்குள் நுழைந்து ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். மேலே ஒரு சிறு திறப்பிலிருந்து மட்டும் வெளிச்சம். கண் பழகப் பழக, சுவர்களில் ஆளுயரத்துக்கு மேலே முப்பதுக்கும் மேற்பட்ட களிமண் உருவங்கள் உட்கார்ந்திருப்பது தெரியவரும், சுவரிலிருந்து முளைத்து வந்தாற்போல. அவற்றுக்குக் கீழே ஓவியங்கள். ஒரு முகத்தில் கண்ணிமையின் கோடு ஒற்றை மயிரிழையாக இறங்குகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பு யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்த கோடு. உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, கண் இருக்கிறது.

நாகோவுக்கும் தாபோவுக்கும் இடையே கியூ என்ற ஊருக்கு ஒரு கிளைச்சாலை பிரிகிறது. 1975 நிலநடுக்கத்துக்குப் பிறகு வெளிப்பட்ட ஒரு துறவியின் உடல், உட்கார்ந்த நிலையிலேயே பதப்பட்டு அங்கே இருக்கிறது. பார்க்கப் போனால் வணங்கிவிட்டு வாருங்கள். ஊர்க்காரர்களுக்கு அவர் காட்சிப்பொருள் அல்ல.

மேல் ஊர்கள்

காசாவில் மூன்று இரவாவது இருங்கள். ஒரு நாள் கீ மடம், கிப்பர், ஆழமான பிளவின்மேல் கட்டிய சிச்சம் பாலம். கீ 4,166 மீட்டர். இன்னொரு நாள் லாங்சா, ஹிக்கிம், கோமிக், மூன்றும் 4,400 மீட்டரை ஒட்டியும் தாண்டியும். ஹிக்கிமில் 1983 முதல் ஓர் அஞ்சலகம் இருக்கிறது. வீட்டுக்கு அஞ்சலட்டை போடலாம், பின்கோடு தெளிவாக எழுதுங்கள். பின் என்ற ஆற்றின் பள்ளத்தாக்குக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். தேசியப் பூங்கா அங்கேதான், சாலை முட் என்ற ஊரோடு முடிகிறது.

எல்லாவற்றையும் காரிலிருந்து இறங்கி ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். உடம்பு நன்றாகப் பழகியிருந்தால் ஓர் இரவையாவது லாங்சாவில் ஒரு வீட்டில் கழியுங்கள். நான் தங்கிய வீட்டில் எல்லோரும் ஓர் அறையில்தான் இருந்தார்கள், நடுவில் தகர அடுப்பு. தந்தூர் என்கிறார்கள், ரொட்டி சுடும் தந்தூர் வேறு. வீட்டுப் பாட்டி காய்ந்த சாணியை வெறுங்கையால் இரண்டாக உடைத்து, முனை சிவந்து பிடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு அடுப்பின் மூடியைச் சாத்தினார். பிறகு உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீரைச் சிறு கிண்ணத்தில் ஊற்றினார். நான் ஒரு வாய் குடித்ததும் மறுபடியும் நிரப்பினார். கிண்ணம் குறைந்தால் நிரப்புவதுதான் அங்கே உபசாரம். போதும் என்றால் நிறைந்த கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு, கிளம்பும்போது குடித்து முடிக்க வேண்டும். இது எனக்கு நான்காவது கிண்ணத்தில்தான் புரிந்தது.

ஸ்பிதியில் பழைய வழக்கப்படி நிலமும் பெரிய வீடும் மூத்த மகனுக்கு. அவனுக்குக் கல்யாணமாகிப் பொறுப்பேற்றதும் பெற்றோர் பக்கத்துச் சிறிய வீட்டுக்குப் போய்விடுவார்கள். காங்சென் பெரிய வீடு, காங்சுங் சிறிய வீடு. இளைய மகன்கள் மடத்துக்குப் போவார்கள். கொஞ்சம் விளைநிலத்தைத் துண்டாடாமல் காப்பாற்ற அந்த மண் கண்ட வழி அது. இன்று பள்ளிப் படிப்பு, அரசு வேலை, சுற்றுலா எல்லாம் சேர்ந்து அதைத் தளர்த்தியிருக்கின்றன. உங்களுக்கு அறை தருகிறவர் அப்படியொரு இளைய மகனாக இருக்கலாம்.

அந்த வீடுகளில் இருக்கும்போது சில ஒழுங்குகள். கழிப்பறை பெரும்பாலும் உலர் வகை. மேலே மண்ணும் சாம்பலும் தள்ளிவிட வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது. அதுதான் வசந்தத்தில் வயலுக்கு எரு. நாம் தண்ணீர் பழக்கக்காரர்கள், இது முதலில் கடினம். கழுவ ஒரு குவளை போதும், அதையும் கேட்டுத் தனியிடத்தில் பயன்படுத்துங்கள். குளியலுக்கு வெந்நீர் கேட்காதீர்கள். அதைக் காய்ச்ச ஒரு வாரத்துச் சாணி போகும். பிரார்த்தனைக் கற்சுவர், சோர்தேன் என்கிற புத்த ஸ்தூபி எதுவானாலும் வலக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்றிச் செல்லுங்கள், நம் கோயில் பிரதட்சிணம் போலவே. லாங்சா மண்ணில் கடல் உயிரினங்களின் கல்லுருக்கள் கிடைக்கும். இமயம் எழுவதற்குமுன் அங்கே இருந்த கடலின் மிச்சம். சிறுவர்கள் விற்கக் கொண்டுவருவார்கள். வாங்காதீர்கள், எடுத்தும் வராதீர்கள்.

வணக்கத்துக்கும் நன்றிக்கும் விடைபெறுவதற்கும் ஒரே சொல்: ஜூலே. கொஞ்சம் இந்தி தெரிந்தால் எங்கும் சமாளிக்கலாம். சாப்பாட்டுக்குப் பயம் வேண்டாம். சோறும் பருப்பும் ராஜ்மாவும் எங்கும் உண்டு. துக்பா என்ற நூடுல்ஸ் சூப் குளிரில் அமிர்தம். ஆகஸ்டில் போனால் வயலிலிருந்து பறித்த பச்சைப் பட்டாணியைத் தோலோடு கடித்துப் பாருங்கள், அவ்வளவு இனிப்பு.

திரும்பும் வழி

இப்போது மணாலி பக்கம் இறங்கலாம். ஒரு வாரத்துக்குமேல் உயரத்தில் இருந்துவிட்டதால் குன்சுமும் சந்திரதாலும் இனி உங்களை அவ்வளவாக வருத்தாது. கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை காசாவில் டாக்சி ஓட்டுநர்களிடம் பாதை நிலவரம் கேளுங்கள். செல்பேசிச் செயலி காட்டும் நேரம் அந்தப் பாதைக்குப் பொருந்தாது. ஸ்பிதிப் பக்கத்துக் கடைசி ஊரான லோசரைத் தாண்டினால் கடைகள் அரிது. சந்திரதால் 2005 முதல் ராம்சர் ஈரநிலம், அதாவது உலக அளவில் பாதுகாக்க வேண்டியது என்று பட்டியலிடப்பட்ட நீர்நிலை. கரையில் கூடாரம் போட அனுமதியில்லை, சில கிலோமீட்டர் தள்ளித்தான் தங்குமிடங்கள். அங்கே உடம்புக்கு முடியாமல் போனால் காசாவுக்குத் திரும்பாதீர்கள், அதற்கு மறுபடி குன்சும் ஏற வேண்டும். பட்டல் வழியாக மணாலி பக்கமே இறங்குங்கள்.

பட்டலிலிருந்து கிராம்பூவரை சாலை என்பது கற்கள்தான். குறுக்கே ஓடும் ஓடைகளை நாலா என்கிறார்கள். காலையில் கணுக்கால் அளவு ஓடும் நாலா, வெயில் ஏறிப் பனி உருகியதும் மதியத்துக்குமேல் முழங்காலைத் தாண்டும், வண்டியைத் தள்ளும். ஆறு மணிக்குக் கிளம்பிவிடுங்கள். கிராம்பூவில் தார்ச்சாலை வந்ததும் கோக்சர் வழியாக, மணாலி பக்கம் கொண்டுவிடும் அடல் சுரங்கத்துக்கு வரலாம். 9.02 கிலோமீட்டர், 2020 அக்டோபரில் திறந்தார்கள். அதற்குமுன் லாஹௌல் மக்கள் ரோத்தாங் கணவாயில் பனி விழுந்தால் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். பிரசவமோ நெஞ்சுவலியோ வந்தால் ஹெலிகாப்டருக்குக் காத்திருக்க வேண்டும். நாள் மிச்சமிருந்தால் சுரங்கத்துக்குள் நுழையாமல் கீலாங் பக்கம் திரும்பி, தாண்டியில் இரண்டு ஆறுகளும் கூடும் இடத்தைப் பார்த்துவிட்டு, அங்கே ஓர் இரவு தங்கி, மறுநாள் மணாலிக்கு இறங்குங்கள்.